ஆணியை வளைத்தால் வண்டி நேராக ஓடுமா?
வாசகர் கேள்வி – பதில்: பைன்வுட் டெர்பி

அமெரிக்காவில் கப் ஸ்கவுட்டில், அதாவது சிறுவர் சாரணர் அமைப்பில், பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் பொங்கல் முடிந்த கையோடு பைன்வுட் டெர்பி என்ற மரப் பொம்மைக் கார்ப் பந்தயத்துக்கான வேலை தொடங்கிவிடுகிறது. ஏழு அங்குல நீளப் பைன் கட்டை ஒன்று, பிளாஸ்டிக் சக்கரம் நான்கு, ஆக்சிலாக நான்கு ஆணிகள். மொத்த எடை 5 அவுன்ஸ், அதாவது 141.7 கிராமைத் தாண்டக் கூடாது. இன்ஜின் கிடையாது, சரிவில் தானாக உருண்டு வர வேண்டும். 1953 மே 15 அன்று கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற கப் ஸ்கவுட் குழுத் தலைவர் இதை முதன்முதலில் நடத்தினார். பிள்ளைகள் தாமே உட்கார்ந்து ஓட்டும் இன்ஜின் இல்லாத வண்டிப் பந்தயமான சோப் பாக்ஸ் டெர்பியில் வண்டி ஓட்ட அவர் மகனுக்கு வயது போதாமல் போனதுதான் காரணம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டை, சக்கரம், ஆணி என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆக்சிலை வளைப்பது பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் பேக்கில் (கப் ஸ்கவுட் குழுவில்) ஜெயித்த வண்டியைப் பக்கத்தில் பார்த்தோம். பின்சக்கரம் இரண்டும் கோணலாக, மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தன. கோணல் சக்கரம் எப்படி வேகமாக ஓடும்?
— வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: சக்கரத்தின் துளை ஆணியைவிடச் சற்றுப் பெரியது. அதனால் சக்கரம் ஓடும்போது ஆணியின் மேல் உள்ளும் வெளியுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே போனால் அதன் குடம் (துளை உள்ள நடுப்பகுதி) மரக்கட்டையில் உரசும். வெளியே வந்தால் ஆணித் தலையில் உரசும். மாட்டுவண்டியில் கடையாணி செய்யும் வேலையை இங்கே ஆணித் தலை செய்கிறது. மெருகேற்றிய எஃகுத் தலையில் பிளாஸ்டிக் உரசினால் இழப்பு மிகக் குறைவு. மரத்தில் உரசினால் அதிகம். அதைவிட மோசமானது இரண்டுக்கும் நடுவே மாறி மாறி இடித்துக்கொண்டு போவது.

ஆணியைத் தலை மேல்நோக்கி இருக்குமாறு லேசாக வளைத்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். இந்த உள்சாய்வில் வண்டியின் எடையே சக்கரத்தைத் தலைப் பக்கம் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். எதனால்? வெளிமுனை உயர்ந்திருக்கும் ஆணியின் மேல் சக்கரம் வெளியே நகர்ந்தால் வண்டி ஒரு இழை கீழே இறங்குகிறது. எடை எப்போதும் இறங்கும் பக்கத்தைத்தான் தேடும். இரண்டு பின்சக்கரங்களும் தலையை ஒட்டியே ஓடினால் மரத்தில் உரசல் இல்லை, இடிபாடு இல்லை.

அடுத்த காரணம் தடத்தின் நடுப்பட்டை. வண்டி அதன் இருபுறமும் கால் வைத்தபடி ஓடுகிறது. பட்டையின் அகலம் பெரும்பாலும் 1⅝ அங்குலம், கட்டையின் அகலம் 1¾ அங்குலம். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே விடும் சந்தையும் கூட்டினால், இடது, வலது இரண்டும் சேர்ந்து நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். எல்லா ஆணியும் நேராக இருந்தாலும் வண்டி நேராக ஓடுவதில்லை. இந்த இடைவெளிக்குள் இடதும் வலதும் அலைந்து பட்டையில் மோதிக்கொண்டேதான் வரும். அதற்குப் பதிலாக முன்சக்கரம் ஒன்றை மட்டும் பட்டையை லேசாகத் தொட்டபடி ஓடவிட்டு, பின்சக்கரங்களைப் பட்டைக்கே போகாமல் வைத்துவிட்டால் அலைச்சல் நின்றுவிடும். ரெயில் ரைடிங் என்று சொல்வது இதைத்தான். இதற்கு வளைத்த ஆணிகள் வேண்டும்.

கேள்வி: இது விதிக்கு உட்பட்டதா?
— வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: பேக்குக்குப் பேக் விதி மாறும். சிலர் அனுமதிக்கிறார்கள். சிலர் ஆணியை வளைக்கவே கூடாது என்கிறார்கள். வளைக்கலாம், ஆனால் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பவர்களும் உண்டு. உங்கள் பேக்கின் அந்த ஆண்டு விதித்தாளை வாங்கிப் படியுங்கள். போன ஆண்டுத் தாளை நம்ப வேண்டாம். பேக்கில் ஜெயித்து டிஸ்ட்ரிக்ட் பந்தயத்துக்குப் போனால் அங்கே விதி வேறாகவும் இருக்கலாம். விதியில் ஒன்றும் எழுதவில்லை என்றால் பந்தயத்தை நடத்துபவரிடம் முன்கூட்டியே ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பரிசோதனை மேசையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிள்ளையின் முகம் வாடிப்போகும்.

வளைக்கக் கூடாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். நேரான ஆணியை நன்றாக மெருகேற்றிச் சரியாகப் பொருத்தினாலே பாதிக்கு மேற்பட்ட வண்டிகளை முந்திவிடலாம்.

கேள்வி: வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடித்துச் சுத்தியலால் தட்டினோம். ஒன்று அதிகமாக வளைந்துவிட்டது, இன்னொன்று சக்கரம் நிற்கும் இடத்திலேயே வளைந்து சக்கரம் இறுகிக்கொண்டது. சரியான முறை என்ன?
— வாசகர், பிளேனோ, டெக்சஸ்

பதில்: இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். ஆணி எந்தப் புள்ளியில் வளைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமல் தட்டியிருக்கிறீர்கள். சக்கரம் உட்காரும் நீளம் முழுவதும் துளியும் வளையாமல் நேர்க்கோடாக இருக்க வேண்டும். மரத்துக்குள் போகும் பகுதியும் நேராக இருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது கட்டையின் பக்கவாட்டு முகத்தில், மட்டும் வளைவு வர வேண்டும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கிரெடிட் கார்டு போதும். அதன் தடிமன் 0.76 மி.மீ. சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய அதுவே. சக்கரக் குடத்தின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து ஒரு கார்டின் தடிமனைக் கூட்டுங்கள். தலைக்கு அடியிலிருந்து அந்தத் தூரத்தில்தான் வளைவு.

இனி கருவி. பொழுதுபோக்குக் கடைகளில் வெளிவிட்டம் ⅛ அங்குலமுள்ள மெல்லிய பித்தளைக் குழாய் கிடைக்கும். உள்விட்டம் சுமார் 2.5 மி.மீ. இருக்கும், ஆணி உள்ளே தாராளமாகப் போகும். மேலே கணக்கிட்ட நீளத்துக்குக் குழாயை வெட்டி, இரு முனைகளிலும் உள்ள பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். ஆணியின் கூர்முனைப் பக்கமிருந்து குழாயைச் செருகித் தலைவரை தள்ளுங்கள். வைஸின் தாடைகளுக்கு அலுமினியத் தகடு வைத்து, ஆணியை நிமிர்த்தி, குழாயின் அடிமுனை தாடையை ஒட்டி நிற்கும்படி இறுக்குங்கள். இப்போது வெளியே தெரிவது குழாயும் தலையும் மட்டும்.

சின்னச் சுத்தியலால் குழாயின் மேற்பகுதியில் பக்கவாட்டில் தட்டுங்கள். ஆணியை நேரடியாகத் தட்டக் கூடாது, தலையைத் தட்டவே கூடாது. குழாய் உறைபோல இருப்பதால் உள்ளே உள்ள நீளம் நேராகவே நிற்கும். தாடை விளிம்பில் மட்டும் ஆணி மடங்கும். பித்தளை எஃகைவிட மென்மையானது என்பதால் மெருகிலும் கீறல் விழாது.

பெரும்பாலோர் தவறுவது அளவில். 3 பாகைக்கு வளைக்க, ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும் ஆணியின் தலை எவ்வளவு நகர வேண்டும் தெரியுமா? அரை மில்லிமீட்டர். முதல் இரண்டு தட்டுக்கு எஃகு வளைந்து கொடுத்துத் திரும்பவும் நிமிர்ந்துகொள்ளும், ஒன்றுமே ஆகாததுபோல இருக்கும். பொறுமை இழந்து ஓங்கி அடித்தால் ஒரே அடியில் 8 பாகை போய்விடும். மெதுவாகத் தட்டி, எடுத்து அளந்து, மறுபடி தட்டுங்கள். வளைவு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அது அதிகம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தீயில் காட்டி வளைக்க வேண்டாம். மென்மையான எஃகு ஆணி குளிர்ந்த நிலையிலேயே வளையும். சூடு காட்டினால் மேற்பரப்பு கறுத்துச் செதில் எழும்பி, செய்த மெருகெல்லாம் வீணாகும். தட்டும்போது பிள்ளையும் நீங்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாகையை வீட்டில் எப்படி அளப்பது? பின்சக்கரத்துக்கு எவ்வளவு, முன்சக்கரத்துக்கு எவ்வளவு?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பின்சக்கரம் இரண்டுக்கும் 2½ முதல் 3 பாகை. பட்டையைத் தொட்டபடி ஓடும் முன்சக்கரத்துக்கு 1½ பாகை போதும்.

அளக்கவும் அதே கிரெடிட் கார்டுதான். சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ. அது 3 பாகை சாய்ந்தால் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 1½ மி.மீ. சொச்சம் வித்தியாசம் வரும், அதாவது இரண்டு கார்டு. 1½ பாகைக்கு ஒரு கார்டு.

ஒரு துண்டுக் கட்டையின் பக்கவாட்டில், நட்ட நடுவே, முகத்துக்குச் செங்குத்தாக ஒரு துளை போடுங்கள். இதை அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம். கட்டையின் உயரம் 1¼ அங்குலம் இருந்தால் சக்கரம் முழுவதும் மரத்துக்கு எதிரே வந்துவிடும். ஆணியில் சக்கரத்தைக் கோத்து, வளைவு மேலே பார்க்கச் செருகுங்கள். சக்கரத்தைத் தலைப் பக்கம் தள்ளி வையுங்கள். மேல்விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கார்டு உரசி நுழையும்வரை ஆணியை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள். அந்த நிலையில் கீழ்விளிம்பில் மூன்று கார்டு நுழைந்தால் 3 பாகை. இரண்டு நுழைந்தால் 1½ பாகை. நான்கு நுழைந்தால் அந்த ஆணியை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அளக்கும்போது சக்கரத்தைக் கீழிருந்து விரலால் மேலே அழுத்திப் பிடிக்க மறக்காதீர்கள். துளையில் உள்ள ஆட்டத்தால் சும்மா தொங்கும் சக்கரம் ஒரு பாகைக்கு மேல் பொய் சொல்லும். தடத்தில் தரை அதை மேலே அழுத்துகிறது அல்லவா, அதே நிலையில்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்று. பின்சக்கரங்கள் 3 பாகையா 2½ பாகையா என்பது அவ்வளவு முக்கியமில்லை. இரண்டும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று 2, இன்னொன்று 4 என்றால் வண்டி ஒரு பக்கம் தாழும், எடை ஒரே சக்கரத்தில் ஏறும். கூடுதலாக ஒரு பாக்கெட் ஆணி வாங்கி ஆறேழு வளைத்து, அவற்றில் ஒத்துப்போகும் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முதலில் மெருகேற்றுவதா, முதலில் வளைப்பதா?
— வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: மெருகுதான் முதலில். வளைந்த ஆணியை டிரில்லில் சுழற்ற முடியாது, தலை வட்டமடிக்கும்.

ஆணியின் கூர்முனைப் பக்கத்தை டிரில் சக்கில் பிடியுங்கள். சக்கின் பல் தடம் மரத்துக்குள் போகும் பகுதியில்தான் விழும், பாதகமில்லை. முதலில் சுழற்றிவிட்டுத் தலையைப் பாருங்கள். அது ஆடினால் ஆணி பிறவியிலேயே கோணல், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். தலைக்கு அடியில் எதிரெதிராக இரண்டு பிசிறுகள் இருக்கும், அச்சில் அடித்தபோது உண்டானவை. சின்ன அரத்தால் அவற்றை எடுத்து, தலையின் உட்பக்கத்தை லேசாகச் சாய்த்து ராவுங்கள். சக்கரம் தலையை முழுமுகமாகத் தொடாமல் சிறு வளையமாகத் தொட்டால் உரசல் குறையும். வளைத்த ஆணியில் சக்கரம் பந்தயம் முழுவதும் இந்த இடத்தில்தான் ஓடப்போகிறது, ஆகவே இங்கே நேரம் செலவிடுவது வீண் போகாது.

பிறகு நீர் தொட்ட உப்புத்தாள்: 400, 600, 1000, 2000, 3000. ஒவ்வொன்றிலும் முந்தைய தாளின் கோடுகள் முழுதாக மறையும்வரை தேயுங்கள். அவசரப்பட்டு 400-இலிருந்து 2000-க்குத் தாவினால் ஆழக் கோடுகள் பளபளப்புக்கு அடியில் அப்படியே தங்கிவிடும். எங்கு நிறுத்துவது என்று தெரியாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் ஆணியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சுற்றி ஓடும் வளையக்கோடு எதுவும் தெரியக் கூடாது. கடைசியில் உலோகப் பாலிஷ் தொட்ட பருத்தித் துணி. இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம், ஆறேழு வயதுப் பிள்ளைகூட நன்றாகச் செய்யும். சட்டைக்கை தொங்காமல், முடி பறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வளைப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தலையின் வெளிமுகத்தில் மெல்லிய வெட்டுச் சக்கரத்தாலோ முக்கோண அரத்தாலோ அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளக் கோடு போடுங்கள். சின்ன ஸ்க்ரூடிரைவர் முனை உட்கார்ந்தால் போதும். இந்தக் கோட்டின் திசையிலேயே ஆணியை வளைத்து, தலை சாய்ந்த பக்கத்தின் முனையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். வண்டியில் பொருத்தியபின் வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அந்தப் பொட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது இல்லாமல் ஒன்றரைப் பாகை வளைவைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பின் ஆணிகளைப் பொட்டு மேலே இருக்கும்படி பொருத்தினோம். ஒரு சக்கரம் தலைக்கு வருகிறது, மற்றது கட்டையை ஒட்டிக்கொள்கிறது. ஏன்?
— வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: பொட்டு மேலே இருந்தாலும் துளையோ காடியோ (கட்டையின் அடியில் ஆணி உட்காரும் பள்ளம்) சற்று முன்பின் திரும்பியிருக்கலாம். கிட்டில், அதாவது கடையில் வாங்கும் பெட்டியில், வரும் கட்டையில் ஆலையிலேயே வெட்டிய காடிகள் எப்போதும் செங்குத்தாக இருப்பதில்லை. அந்தப் பிழையைத் திருத்தவும் இதே வளைவு உதவும். ஆணியைக் கடிகார முள்போலத் துளி திருப்பினால் தலை முன்னோ பின்னோ நகர்ந்து சக்கரம் பார்க்கும் திசை மாறும்.

மட்டமான மேசையில் கண்ணாடிப் பலகையை வைத்து, வண்டியைக் கையால் மெதுவாக ஒரு அடி முன்னே உருட்டுங்கள், பிறகு பின்னே. இரண்டு முறையும் சக்கரம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

முன்னே போகும்போது தலைக்கு வந்து, பின்னே வரும்போது கட்டைக்குப் போனால் ஆணித் தலை சற்றுப் பின்பக்கம் பார்க்கிறது. ஸ்க்ரூடிரைவரால் பொட்டைத் துளி முன்பக்கம் திருப்புங்கள். முன்னே போகும்போது கட்டைக்குப் போய், பின்னே வரும்போது தலைக்கு வந்தால் தலை முன்பக்கம் பார்க்கிறது. பொட்டைப் பின்பக்கம் திருப்புங்கள். இரண்டு திசையிலும் கட்டைக்கே போனால் வளைவு தலைகீழாக இருக்கிறது, அல்லது ஆணி வளையவே இல்லை. இரண்டு திசையிலும் தலையிலேயே நின்றால் அந்தச் சக்கரம் முடிந்தது, அடுத்ததற்குப் போங்கள்.

ஒரு முறைக்குக் கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோடு அளவுக்கு மேல் திருப்ப வேண்டாம். இந்தப் பரிசோதனைக்கு வண்டியில் முழு எடையும் ஏறியிருக்க வேண்டும், உரசலைக் குறைக்கும் கிராஃபைட் தூளும் போட்டிருக்க வேண்டும். காலி வண்டியில் சரிசெய்தது 5 அவுன்ஸ் ஏறியதும் மாறிவிடும். சமையலறை மேசையில் செய்வதானால் வண்டியை அப்படியே திருப்பி வைத்து எதிர்த்திசையிலும் ஒரு முறை உருட்டிப் பாருங்கள். மேசையே சாய்ந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: முன் ஆணியை எந்தப் பக்கம் வளைப்பது? பட்டையில் எவ்வளவு அழுத்தம் வேண்டும்?
— வாசகர், பிளேனோ, டெக்சஸ்

பதில்: இங்கே பொட்டு கீழே இருக்க வேண்டும். தலை தாழ்ந்தால் சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே வரும். அப்போது பட்டையைத் தொடுவது சக்கர விளிம்பின் அடிப்பகுதி மட்டும். தரையை ஒட்டிய அந்தப் புள்ளிதான் சக்கரத்திலேயே மெதுவாக நகரும் இடம், ஆகவே உரசல் மிகக் குறைவு. இதையே பின்சக்கரம்போல உள்சாய்வாக வைத்தால் பட்டையில் விளிம்பின் மேலான பகுதி படும். ஒவ்வொரு சுற்றிலும் பட்டையைச் சுரண்டிக்கொண்டே போகும்.

இடது முன்சக்கரம் வழிகாட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது பட்டையின் இடப்புறம் ஓடுவதால் பட்டையைத் தொட வேண்டுமானால் வண்டி வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கீழே இருக்கும் பொட்டைத் துளி முன்பக்கம் திருப்பினால் அந்த ஒதுக்கம் வரும். வலது சக்கரம் வழிகாட்டினாலும் பொட்டு முன்பக்கம்தான், வண்டி இடப்பக்கம் ஒதுங்கும்.

நான்கு அடி நீள மட்டப் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, வண்டியைக் கோட்டில் வைத்து லேசாக உருட்டிவிடுங்கள். கடைசியில் கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் விலகுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 2 முதல் 3 அங்குலம் நல்ல தொடக்கம். தடத்துக்குத் தடம் இது மாறும். இணைப்புகள் துருத்திய பழைய மரத்தடத்துக்குச் சற்று அதிகம் வேண்டும். வழவழப்பான அலுமினியத் தடத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். பயிற்சி ஓட்டத்துக்குத் தடம் கிடைத்தால் அதிக ஒதுக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிறிது குறைத்துக்கொண்டே வாருங்கள். நேரம் குறைந்துகொண்டே வரும். பின்பக்கம் ஆடத் தொடங்கியதும் ஒரு படி திரும்பிப் போய் அங்கே நிறுத்துங்கள்.

விதி அனுமதித்தால் எதிர்ப்பக்க முன்சக்கரத்தைத் தரையிலிருந்து 1/16 அங்குலம் தூக்கிவிடலாம். சுழல வேண்டிய சக்கரம் ஒன்று குறையும். கட்டையில் வழிகாட்டும் சக்கரம் இருக்கும் முன்பகுதியை மட்டும் 1/16 அங்குலம் உள்ளே செதுக்குவதும் அவசியம். அப்போதுதான் முன்சக்கரம் பட்டையைத் தொடும்போது அதே பக்கப் பின்சக்கரம் பட்டையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். இதைச் செய்யாமல் ஆணியை மட்டும் வளைத்தவர்கள்தான் வளைத்தும் பயனில்லை என்கிறார்கள்.

கேள்வி: சொன்னபடியெல்லாம் செய்தோம். சரிவில் முன்னணியில் வருகிறது, சமதளத்தில் பின்பக்கம் வாலாட்டிக்கொண்டு பின்தங்குகிறது.
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வாலாட்டத்துக்கு முதல் சந்தேகம் எடை. அதை மிகவும் பின்னே வைத்திருப்பீர்கள். எடை பின்னே இருந்தால் சரிவில் அதிக உயரத்திலிருந்து இறங்கும், வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் பாரம் வேண்டும். கிட்டின் இரண்டு ஆக்சில்களுக்கு நடுவே 4⅜ அங்குலம். சமநிலைப் புள்ளி பின் ஆக்சிலுக்கு முன்னே 1 அங்குலத்தில் இருந்தால் முன்பக்கம் சுமார் 32 கிராம் ஏறும். முக்கால் அங்குலத்தில் 24 கிராம். அதற்கும் பின்னே போனால் வழிகாட்டும் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது, பட்டையில் மோதித் துள்ளும், வால் ஆடும். ஒரு அடிக்கோலின் விளிம்பில் வண்டியைக் குறுக்காக நிறுத்திச் சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். முதல் வண்டிக்கு 1 அங்குலமே பத்திரம்.

எடை சரியாக இருந்தால் அடுத்தது ஒதுக்கம். நான்கு அடிக்கு ஒரு அங்குலம்கூட விலகவில்லை என்றால் வண்டி பட்டையை விட்டுவிட்டு மீண்டும் வந்து மோதுகிறது. மூன்றாவது, பின்சக்கரங்கள் உண்மையிலேயே தலையில் நிற்கின்றனவா? மேசையில் முன்னும் பின்னுமாக உருட்டும் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள்.

எந்தச் சக்கரம் பட்டையைத் தொடுகிறது என்று தெரியாவிட்டால் பயிற்சி ஓட்டத்துக்கு முன் நான்கு சக்கரங்களின் உள்விளிம்பிலும் தண்ணீரில் அழியும் மார்க்கரால் கோடு போட்டு ஓட்டுங்கள். வழிகாட்டும் சக்கரத்தில் மட்டும் கோடு தேய்ந்திருக்க வேண்டும். பின்சக்கரத்தில் தேய்ந்திருந்தால் மேலே சொன்ன 1/16 அங்குலச் செதுக்கல் போதவில்லை.

தொடக்கக் கோட்டில் வண்டியை வைப்பதிலும் கவனம் வேண்டும். வழிகாட்டும் சக்கரம் பட்டையைத் தொட்டபடியே நிற்க வேண்டும், வால் பட்டைக்கு நேராக இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் கதவு விழுந்ததும் வண்டி பட்டையைத் தேடிப் போய் இடிக்கும். வண்டியை வைப்பது ஸ்கவுட் பிள்ளையேயானால் வீட்டில் பத்து முறை வைத்துப் பழகட்டும்.

கேள்வி: காடியில் ஆணி தளர்ந்து, சரிசெய்த கோணம் மாறிவிடுகிறது.
— வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: வளைத்த ஆணிக்குக் காடியைவிடத் துளை நல்லது, ஏனென்றால் நாலா பக்கமும் பிடித்துக்கொள்ளும். விதி தடுக்காவிட்டால் கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, காடி இல்லாத பக்கத்தை அடியாக வைத்துக்கொண்டு, அதே இடைவெளியில் துளை போடுங்கள். 43-ஆம் எண் டிரில் பிட், 2.26 மி.மீ., ஆணி திரும்பும் அளவுக்கு இளகலாகவும் நிற்கும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கும். 44-ஆம் எண், 2.18 மி.மீ., கெட்டியாகப் பிடிக்கும், திருப்புவது கடினம். டிரில் பிரஸ் இல்லாமல் கையால் போட்டால் துளை கோணலாகும். பேக்கில் யாரிடமாவது பிரஸ் இருக்கும், கேளுங்கள். இருபக்க ஆணிகளும் நடுவில் முட்டிக்கொண்டால் நுனியை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

காடிதான் கட்டாயம் என்றால் எல்லாச் சரிசெய்தலும் முடிந்தபின், அடிப்பக்கத்திலிருந்து, சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் ஆணித் தண்டின் மேல் ஒரு துளி எபாக்சி. சூப்பர் க்ளூ வேண்டாம். அது தண்ணீர்போல ஓடி ஆணி வழியாகச் சக்கரத் துளைக்குள் போய்விடும்.

கேள்வி: அதிகமாக வளைந்த ஆணியைத் திருப்பி நிமிர்த்திப் பயன்படுத்தலாமா?
— வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: வேண்டாம். வளைத்த இடத்தில் எஃகு இறுகிவிடுகிறது. நிமிர்த்தும்போது அந்த இடம் அசையாமல் பக்கத்து இடம் வளையும், ஆணி இரண்டு வளைவுகளோடு நெளியும். நெளிவு பெரும்பாலும் சக்கரம் ஓடும் பகுதிக்குள் வந்துவிடும். ஒரு பாகைக்குள் சிறு திருத்தமானால் அதே குழாயை மாட்டி எதிர்ப்பக்கம் ஒரே ஒரு முறை தட்டிப் பாருங்கள், அதற்கு மேல் போராட வேண்டாம்.

கேள்வி: பரிசோதனை மேசைக்குப் போகும் வழியில் வண்டி கீழே விழுந்துவிட்டது. அரை மணி நேரம் இருக்கிறது என்றால் எதை முதலில் பார்ப்பது?
— வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: முதலில் பொட்டுகள்: பின்னே இரண்டும் மேலே, முன்னே கீழே. பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டிவிடுங்கள். மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிற்கும் சக்கரம்தான் அடிபட்டது. அதற்கும் கட்டைக்கும் நடுவே கார்டு நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் ஆணி உள்ளே போய்விட்டது. குறடால் தலையை இறுக்கிப் பிடிக்காமல், சக்கரத்தின் பின்னால் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாமல், ஆணித் தலையின் பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து முன்னும் பின்னும் மெல்லத் திருப்பிக்கொண்டே சக்கரத்தோடு சேர்த்து வெளியே இழுங்கள், கார்டு நுழையும்வரை.

அதற்குப் பிறகு தரையில் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே. பின்சக்கரங்கள் தலையில் நின்றால் கிராஃபைட் இன்னொரு முறை தூவி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மேசைக்குப் போகலாம். தராசில் மறுபடி ஏற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்ததில் அடியில் ஒட்டியிருந்த எடைத் துண்டு கழன்றிருந்தால் அங்கேதான் தெரியும்.